படுதாவைத் திரை என்றேன்

எங்கள் நாடகம் நடந்த அன்று முன்வரிசையில் தாசில்தார் இருந்தார். அவர் மனைவியும் இருந்தார். அரங்கக் குழுவின் தலைவர் நடு நாற்காலியில் இருந்தார். ஊரில் பாதி நிலமும், மேற்கே இருக்கும் கல்குன்றின் குத்தகையும் அவருடையவை. அவருக்குப் பக்கத்தில் குழுவின் செயலாளர், ஒரு வக்கீல். நடுவில் குடியானவர்கள். கடைசி இரண்டு வரிசையில் எங்கள் தெரு முழுக்க, என் அம்மா உட்பட. வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் அந்த அரங்கத்தை வரைந்த சென்னை எஞ்சினியர். கட்டி முடிப்பதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. இன்னொருவர் என் அப்பா.

"நாப்பத்திரண்டு நாளு கல்லு செதுக்கியிருக்கறன். கூலி கேட்டா கூத்து காட்றங்கறான். அந்தக் கூத்த நான் வேற வந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே அப்பா குன்றுக்குப் போய்விட்டார்.

கூலிக்குப் பதில் கூத்து என்று ஒத்துக்கொண்டது அப்பா அல்ல. நான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள், பத்தாவது தேறியவன். ஓசூருக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் நவீன கலையரங்கம் ஒன்று கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது, ஊரிலேயே அதிகம் பூரித்தவனும் நான்தான். செயலாளர் எங்கள் தெருவுக்கு ஒரு காகிதத்தோடு வந்தார். கல்லுடைக்கும் தெரு சிரமதானமாகக் கல் செதுக்கித் தர வேண்டும். அதற்குப் பதிலாக ஆண்டுக்கு ஒரு மாலை, அரங்கின் மேடை எங்கள் தெருவுக்குச் சொந்தம். எங்கள் நாடகத்தை நாங்கள் போடலாம், ஊர் முழுதும் வந்து உட்கார்ந்து பார்க்கும். "கலைக்குச் சாதி கெடையாதுப்பா" என்றார் செயலாளர், தெருமுனையில் நின்றபடியே. உள்ளே வரவில்லை. காகிதத்தை வாங்கி நான் உரக்கப் படித்தேன். ஒத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். முப்பத்தோரு வீட்டுக்காரர்களும் என் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள்.

அந்த ஒரு மாலை கையைவிட்டுப் போகக்கூடாது. அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

கட்டடம் எழும்ப எழும்ப எங்கள் ஆட்களுக்கு அதன்மேல் கோபம்தான் வந்தது. கல்லை மழமழவென்று இழைத்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். எஞ்சினியரோ உள்சுவருக்கு வைக்கும் கல்லை இழைக்கவே கூடாது என்றார். முகம் கரடுமுரடாகவே இருக்கட்டும், அப்போதுதான் எதிரொலி உடையும் என்றார். "இது என்னா அரைகொற வேல? பாக்கறவன் எங்களத்தான காரித் துப்புவான்?" என்று எங்கள் அக்கா வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். மாமா எங்கள் தெருவிலேயே நல்ல கல்தச்சர். வாய் அதைவிட நல்லது. எஞ்சினியர் அவரை மேடையில் நிறுத்தி, முணுமுணுக்கச் சொன்னார். கடைசி வரிசை வரப்போகும் இடத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மாமா முணுமுணுத்தது எஞ்சினியரின் தாயாரைப் பற்றி. அவருக்கும் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பின்சுவர் அரைவட்டமாக வளைந்திருந்தது. கூடத்துக்குள் ஒரு தூண் கிடையாது. தரை மேடையிலிருந்து பின்னால் போகப் போக ஏறிக்கொண்டே போகும். முகப்பில் சிமென்டுப் பட்டைகள் கீழே இறங்கின. எதற்கு என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மேடை, திறந்து வைத்த தீப்பெட்டி மாதிரி மூன்று பக்கமும் அடைத்து ஒரு பக்கம் மட்டும் பார்த்தது. அதற்கு நெல்லூர் மிளகாய் நிறத்தில் வெல்வெட் படுதா, பெங்களூரில் தைத்து வந்தது. அப்போது நான் அந்தக் கட்டடத்தைக் கோயிலைவிட உசத்தியாக நினைத்தேன். இன்றைக்கு அதன் வாசல் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால்கூட மறுபக்கம் பார்த்து உட்காருகிறேன்.

நாடகத்தை நானே எழுதினேன். ஒரு பண்ணையார், அவரிடம் உழைக்கும் நான்கு பேர், ஒரு கிணறு. ஒத்திகை குன்றின் அடிவாரத்தில், உடைத்துப் போட்ட கற்களுக்கு நடுவில் நடந்தது. வசனம் முழுக்க நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் பிடிவாதம் வசனத்தைத் தாண்டிப் போய்விட்டது.

"படுதா எப்ப எறங்கும்?" என்று கேட்டார் ஒருவர்.

"படுதா இல்ல. திரை."

"என்னாது?"

"திரை. திரைன்னு சொல்லணும். படுதா தமிழ்ச் சொல் கிடையாது."

"எங்கப்பன் காலத்துல இருந்து படுதாதான்டா. உனுக்கு பத்தாவது பாஸானதும் படுதாவும் பேரு மாத்திக்கிச்சா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்து எல்லோரும் திரை என்றுதான் சொன்னார்கள். கிண்டலாகச் சொல்லிச் சொல்லி, பிறகு பழக்கமாகிவிட்டது.

திறப்பு விழா மூன்று நாள். முதல் நாள் தெலுங்கு, இரண்டாம் நாள் கன்னடம், மூன்றாம் நாள் தமிழ். எல்லை ஊர், மூன்று மொழியும் ஒரே கூரையின்கீழ் என்று தலைவர் பேசினாராம். மூன்றாம் நாளிலும் எங்களுக்குக் கொடுத்தது சாயங்காலம் நாலு மணி. ஊரில் இன்னும் மின்சாரம் வரவில்லை. பெட்ரோமாக்ஸ் செலவு எங்களுக்கு ஆகக்கூடாது என்று ஒரு சமாதானம் சொன்னார்கள். ஆறு மணிக்கு மேல் பெரிய வீட்டுப் பிள்ளைகளின் நாடகம் இருந்தது, அதற்கு எட்டு பெட்ரோமாக்ஸ் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் ஆட்கள் வந்தவுடனேயே தகராறு. டூரிங் டாக்கீஸில் தரை டிக்கெட் திரைக்குப் பக்கத்தில், நாற்காலி பின்னால். அவர்கள் பார்த்த கொட்டகை அது ஒன்றுதான். ஆகவே என் அம்மாவும் மற்றப் பெண்களும் நேராக முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள், ரொம்ப அடக்கமாக. குழுவின் ஆள் ஒருவன் ஓடி வந்தான்.

"ஏய், ஏய்! எங்க ஒக்கார்றீங்க? எழுந்திருங்க! பின்னாடி போங்க!"

"பின்னாடி நாக்காலிக்காரங்க ஒக்காருவாங்க தம்பி. நாங்க தரைதான?" என்றாள் அம்மா.

"இது ட்ராமா கொட்டாய். இங்க முன்னாடிதான் பெரியவங்க. ஏறுங்க மேல!"

அம்மா எழுந்தாள். சரிவான தரையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கடைசி வரிசைக்குப் போனதும் திரும்பி நின்று, கூடம் முழுவதும் கேட்கும்படி, "ஏண்டி, பாருங்கடி! எல்லாத்தையும் விட நம்மளத்தான் ஒசரத்துல வெச்சிருக்கறாங்க!" என்றாள். சாதாரணமாகச் சொன்னாலே போதும், அந்தச் சுவர்கள் அப்படி. தலைவர் திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப் பித்தானைச் சரி செய்துகொண்டார்.

முதல் காட்சி நன்றாகப் போனது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாசில்தார் இரண்டு இடத்தில் தலையாட்டினார். அந்த மாலை எங்களுடையதாகிவிட்டது, இனி ஆண்டுதோறும் எங்களுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். காட்சி முடிந்து மணியை இரண்டு முறை அடித்ததும் வெல்வெட் மூடிக்கொண்டது. ஒரு மணி திறக்க, இரண்டு மணி மூட. அதுதான் ஏற்பாடு. கயிறு இழுத்தவர் குழு வரவழைத்த ஆள், ஆனேக்கல் பக்கம், ஐம்பது வயது இருக்கும். மைசூர்ச் சீமையில் நாடகக் கம்பெனிகளில் இருபது வருஷம் கயிறு இழுத்தவர். கன்னடம்தான் பேசுவார், தமிழ் அரையும் குறையுமாகப் புரியும். நாங்கள் குன்றடியில் ஒத்திகை பார்த்ததால் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

இரண்டாவது காட்சியில் பண்ணையார் வீடு. பண்ணையாராக மாமா. அவர் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று கேட்டிருந்தேன். செயலாளர் தாராளமாகக் குழு அறையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கைவைத்த பெரிய கருங்காலி நாற்காலி. அது தலைவரின் நாற்காலி என்பது எனக்குத் தெரியும். தலைவரைக் கேட்டுத்தான் கொடுத்தாரா என்று நான் கேட்கவில்லை.

மாமா பட்டு அங்கவஸ்திரம் போட்டு, மசியால் மீசை வரைந்துகொண்டு அதில் உட்கார்ந்தார். அடுத்த காட்சியில் பேச வேண்டிய பையன் ஒருவன், எங்கள் சித்தப்பா மகன், பயத்தில் வசனம் மறந்து கால் நடுங்க நின்றுகொண்டிருந்தான். அவனைச் சிரிக்க வைத்தால் நடுக்கம் போகும் என்று மாமா நினைத்தார். கால்மேல் கால் போட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். தலைவர் எதைப் பேசினாலும் "நம்ம" போட்டுத்தான் பேசுவார். நம்ம ஊரு, நம்ம ஆளு, நம்ம மழை. அதே குரலில், மெல்ல, மாமா ஆரம்பித்தார்.

"ஏண்டா, இந்தக் குன்னு யாருது? நம்மளுது."

பையன் வாயைப் பொத்திக்கொண்டான்.

அப்போதுதான் நான் பக்கவாட்டிலிருந்து கவனித்தேன். வெல்வெட்டின் இரண்டு பாதியும் நடுவில் சேரவில்லை. ஒரு சாண் இடைவெளி. அதன் வழியே முன்வரிசையின் வேட்டிகள் தெரிந்தன. மணி மேடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் கயிற்றுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டி, "திரை" என்றேன்.

அவர் கயிற்றை இழுத்தார். இடைவெளி ஒரு முழமானது.

"திரை, திரை!" என்றேன் பதறி.

அவர் வேகமாக இழுத்தார்.

"திரை! அய்யா, திரை!"

கத்தக் கத்த அது விரிந்துகொண்டே போனது. என் குரலில் இருந்த அவசரத்தைப் பார்த்து அந்த மனிதர் முழு பலத்தோடு இழுத்தார். மாமாவுக்கு முதுகுப்பக்கம்தான் வெளிச்சம் வந்தது, அவர் பையனைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தார், முணுமுணுப்பாக. ஆனால் அந்தச் சுவருக்கு முணுமுணுப்பு போதும்.

"குன்னுல இருக்கற கல்லு? அதுவும் நம்மளுது. கல்ல ஒடைக்கறவன்? அவனும் நம்ம ஆளுதான். போன மாசம் அவன் கையி நசுங்கிச்சே, அது யாருது? சேச்சே, அது மட்டும் அவனுதுடா!"

கடைசி வரிசையிலிருந்து முதல் சிரிப்பு வந்தது. அம்மாவின் சிரிப்பு, எனக்குத் தெரியும். பிறகு எங்கள் தெரு முழுவதும். மேலே இருந்து உருண்டு வந்த அந்தச் சிரிப்பில் நடு வரிசைக் குடியானவர்களும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகுதான் யார் நிலத்தில் உழுகிறோம் என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார்கள். தாசில்தார் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் அது நாடகத்தில் ஒரு வசனமாகப் போயிருக்கும். சிரித்ததால்தான் அது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மாமா திரும்பினார். முன்வரிசையில் தலைவர். மேடையில் தலைவரின் நாற்காலியில் மாமா. இருவரும் ஒரே மாதிரி கால்மேல் கால்.

நான் ஓடினேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. வெல்வெட்டைப் பிடித்துத் தொங்கி இழுத்தேன். மேலே கப்பி கழன்றது. துணி நீளமாகக் கிழிந்து என் தலைமேல் விழுந்தது. புதுத்துணி வாடையில் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தபோது வெளியே பெஞ்சுகள் இழுபடும் சத்தமும், "எறங்குடா நாயே!" என்ற சத்தமும் கேட்டன. ஒரு செருப்பு என் முதுகில் விழுந்தது. நாங்கள் பின்வாசல் வழியாகத்தான் வெளியேறினோம். ஆறு மணி நாடகம் படுதா இல்லாமலே நடந்ததாம்.

மறுநாள் காலை அரங்கத்திலேயே விசாரணை. குழு மேடைமேல் உட்கார்ந்தது. மாமாவையும் என்னையும் கயிற்றுக்காரரையும் கீழே, சரிவின் அடியில் நிறுத்தினார்கள்.

"ஏய்யா, மூடச் சொன்னா ஏன் தெறந்த?" என்று செயலாளர் கயிற்றுக்காரரைக் கேட்டார்.

"தெரெ அந்த்ரல்லா ஸ்வாமி, தெரெதெ" என்றார் அவர், மிகவும் நியாயமாக. திற என்றார்களே, திறந்தேன்.

கன்னடத்தில் தெரெ என்றால் திற. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கன்னடம் தெரியும். எனக்கும் காதளவுக்குத் தெரியும். படுதாவை மூடு என்று, எங்கள் அப்பனும் பாட்டனும் பேசியபடி நான் பேசியிருந்தால், அந்த மனிதர் அந்த நொடியே மூடியிருப்பார். மேடைமேல் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார். அது தவறுதலாக நடந்தது என்பது அந்தக் காலையில் எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும்தான் விசாரணை நடந்தது.

"அது போகட்டும். இவன் மேடைமேல ஒருத்தர மாதிரி பேசிக் காட்டினானே, அது நாடகத்துல இருக்கா?" என்றார் செயலாளர்.

"இல்லீங்க."

"அப்ப யார மாதிரி பேசினான்?"

மாமா தரையைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொண்டு, தப்புதான் சாமி, மன்னிச்சிடுங்க என்று நானும் குனிந்திருக்கலாம். அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அடுத்த ஆண்டு மாலையைக் காப்பாற்றியும் இருக்கலாம். ஆனால் பத்தாவது தேறிய சான்றிதழைத் தாயத்துபோல மடித்து வைத்திருக்கும் வயசு அது.

"எனக்குத் தெரியலீங்க. உங்களுக்கு யார மாதிரி இருந்திச்சின்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் என்னையே பார்த்தார். என்னை மாதிரி என்று அவர் சொல்ல முடியாது. சொன்னால் நசுங்கிய கையும் அவருடையதாகிவிடும். கடைசியில், "நம்ம படுதா கிழிஞ்சி போச்சி. அத யாரு கிழிச்சது?" என்றார்.

"நாந்தாங்க."

"அவ்ளோதான். எழுதிக்கங்க" என்று எழுந்துவிட்டார்.

இரண்டு நாளில் தெருவுக்கு ஒரு காகிதம் வந்தது. ஆண்டுக்கொரு மாலை என்ற பழைய ஏற்பாடு இதனால் ரத்து. படுதாச் சேதத்தைத் தெருவார் ஈடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் குன்றில் உளி வைக்கக்கூடாது. ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு முன்னால் கூடினார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்.

"படிச்சவன்தான? படி" என்றார்.

படித்தேன். வெல்வெட் இருபத்தெட்டு கஜம், நூற்று இருபத்தாறு ரூபாய். தையல் கூலி பதினாலு. கப்பி, கயிறு, ஆசாரி கூலி இருபத்தாறு. அதற்குக் கீழே இருந்த வரியை விட்டுவிட்டு, அடியில் இருந்த மொத்தத்தைப் படித்தேன்.

கல்லின் நீள அகலத்தை மனசிலேயே பெருக்குகிற ஆட்கள் அவர்கள். மாமாதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"நூத்தி அறுவத்தாறுதான வருது? எட்டணா எங்கேர்ந்து வந்திச்சி?"

"ஏதோ சில்லறச் செலவு மாமா."

"என்னா செலவுன்னு எழுதியிருக்குதுல்ல?"

அப்பா பீடியை அணைத்தார். "டேய். இருக்கறத முழுசாப் படி."

"நாற்காலி சுத்தி செய்த வகையில், எட்டணா" என்று படித்தேன்.

மாமா உட்கார்ந்த அந்த நாற்காலியை வெளியே தூக்கிப் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். கழுவின கூலியை எங்கள் தலையில் எழுதியிருக்கிறார்கள். மாமா எழுந்து போய்விட்டார். அம்மா மட்டும், "எங்க பின்னாடி பட்ட பெஞ்சிங்களுக்கு ஒண்ணும் போடலியா? கடைசி ரெண்டு வரிசையும் கழுவினா இன்னும் தேறுமே!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்திருப்பதைச் சுட்டிக்காட்டி, படுதாவுக்கு மட்டும் தருகிறோம், அந்த எட்டணாவைத் தர மாட்டோம் என்று அன்றே என் நல்ல தமிழில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்த நாள் காலை குன்றின் பாதையில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்பது நாள் முப்பத்தோரு வீட்டிலும் வேலையில்லை. பத்தாவது நாள் அப்பா என்னைக் கேட்காமலே, தெருவாரைக் கூட்டிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய், தவணைக்கு ஒத்துக்கொண்டு கைநாட்டு வைத்துவிட்டு வந்தார். வாராவாரம் வீட்டுக்கு வீடு பிடித்தம் போய், ஏழு மாதத்தில் கட்டி முடித்தார்கள், ஒரு தம்பிடி குறையாமல்: நூற்று அறுபத்தாறு ரூபாய் எட்டணா.